பின்னால பார்க்காத

மாட்டுத் தரகர் நாச்சிமுத்து சந்தைக்குள் நுழைந்தால் குரல்தான் முதலில் வரும், ஆள் அதற்குப் பிறகு வருவார். அப்படிப்பட்ட மனிதர் ஐம்பது வயதுக்கு மேல் ஒருத்தியிடம் சிஷ்யனாகப் போய் உட்கார்ந்தார். குருவுக்கு அவர் வயதில் பாதிகூட இராது.

அவள் பெயர் ஜெசிந்தா. ஊர் நடுநிலைப் பள்ளியில் விளையாட்டு டீச்சர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. பிள்ளைகளுக்கு ரோட்டில் பத்திரமாகச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது, முதலில் உங்களுக்கு நான் சொல்லித் தருவேன் என்று கோடை லீவில் பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதிப் போட்டிருந்தாள். தையல்கடை தங்கமணி வந்தாள். கல்லூரிப் பையன்கள் சிலர் வந்தார்கள். கடைசியாக, தோளில் துண்டோடு நாச்சிமுத்து வந்தார்.

சேவை செய்யும் ஆசை ஒன்றும் அவருக்குக் கிடையாது. பக்கத்து வீட்டுச் சஷ்மிதாதான் காரணம்.

அந்தப் பிள்ளை எட்டாவது முடித்திருந்தது. ஒன்பதாவதுக்குத் தாராபுரம் ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும். பள்ளி நேரத்துக்குப் பஸ் கிடையாது. இருக்கிற ஒரே வழி சைக்கிள். அவள் அப்பன் குமரவேல் தறி ஓட்டுகிறவன். லாரிகள் அந்த ரோட்டில் போகிற வேகத்தைத் தினமும் பார்க்கிறவன்.

"படிச்ச வரைக்கும் போதும். வீட்டுலயே இருந்து தறிக்குத் தார் சுத்தட்டும்" என்று அவன் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. நாச்சிமுத்து எழுந்து நேராக அவன் வீட்டுக்குள் போனார்.

"ஏன்டா குமரவேலு, நூல் சுத்தறதுக்கா புள்ளையப் பெத்த?"

"உங்களுக்கென்னங்க மாமா, பேசிட்டுப் போயிருவீங்க. லாரி அடிச்சா அள்ளறது நான்."

"அடிக்காம ஓட்டச் சொல்லிக்குடுத்தா?"

"யாரு சொல்லிக்குடுக்கறது?"

"நான் சொல்லிக்குடுக்கறேன்."

குமரவேல் சிரித்துவிட்டான். நாச்சிமுத்துவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. தோள் துண்டை உருவி அவன் கைமேல் போட்டு, துண்டுக்குள் அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டார். சந்தையில் மாட்டுக்கு விலை பேசுகிற முறை அது. வாய் ஊர்க்கதை பேசும், விலையை விரல்தான் பேசும், சுற்றி நிற்கிறவன் எவனுக்கும் தெரியாது.

வெகுநேரம் கழித்துத் துண்டு விலகியது. பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கெடு. அன்றைக்கு அந்த விளையாட்டு டீச்சர் 'இவளை ரோட்டில் விடலாம்' என்று சொன்னால் பள்ளிக்கூடம். சொல்லாவிட்டால் தார்.

சஷ்மிதா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முதல் நாளே ஜெசிந்தா ஒரு ஸ்பேனரைக் கொடுத்துச் சைக்கிள்களின் பெடலைக் கழற்றச் சொன்னாள். சீட்டை இறக்கி வைக்கச் சொன்னாள்.

"பெடல் இல்லாத சைக்கிளு எதுக்குங்க டீச்சர்?" என்றார் நாச்சிமுத்து. "மடி இல்லாத மாட்டை ஓட்டியாந்து வெலை சொல்ற மாதிரி இருக்குது."

"பிள்ளை உக்காந்து காலால தள்ளட்டும், அண்ணாச்சி. சாயறப்ப காலை ஊணிக்கிடட்டும். பெடல் எங்கயும் ஓடிப் போகாது."

"எது வரைக்கும்?"

"பிள்ளை கேக்குற வரைக்கும்."

"கெடு இருக்குதுங்க டீச்சர்."

"கெடு உங்களுக்கு. பிள்ளைக்கு இல்லை."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். மற்றவர்கள் பழக்கிய பிள்ளைகள் காலால் உந்தி உந்தி மைதானத்தில் வாத்து மாதிரி போய்க்கொண்டிருந்தார்கள். இப்படியே போனால் தீபாவளிக்குத்தான் சஷ்மிதா ரோட்டுக்குப் போவாள் என்று அவர் மனசு கணக்குப் போட்டது.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு பெடலைத் திரும்ப மாட்டினார். சஷ்மிதாவை ஏற்றி உட்கார வைத்துப் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, உட்றமாட்டீங்கல்ல?"

"நான் ஒண்ணைப் புடிச்சு உட்டதா சந்தையில எவனாச்சும் சொல்லியிருக்கானா? நேராப் பாரு. மிதி. பின்னால பார்க்காத. பார்த்தா விழுந்துருவ."

அவள் மிதித்தாள். அவர் மூச்சு வாங்க ஓடினார். "புடிச்சிருக்கேன், புடிச்சிருக்கேன், பின்னால பார்க்காத." வேப்பமரத்தைத் தாண்டும்போது கையை விட்டார். குரலை விடவில்லை. "புடிச்சிருக்கேன், மிதி." அவள் கொடிக்கம்பம் வரைக்கும் தனியாகப் போனாள்.

அவருக்கும் யாரோ ஒருவன் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தான். ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான்.

மறுநாள் காலை சஷ்மிதா மைதானத்தை வட்டமடித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

"ஒரே பொழுதுல பழக்கிட்டீங்களே அண்ணா" என்றாள் தங்கமணி. "மூக்கணாங்கயிறு போட்டீங்களா என்ன?"

நாச்சிமுத்து மீசையைத் தடவிக்கொண்டு டீச்சரைப் பார்த்தார். ஜெசிந்தா கை தட்டவில்லை.

"நல்லா ஓட்டுறா" என்றாள். "ரோட்டுக்கு விட முடியாது."

"ஏனுங்க? பெடலைத் திரும்ப மாட்டிட்டேன்னு கோவமா?"

ஜெசிந்தா சுண்ணாம்பால் மைதானத்தில் ஒரு ரோடு வரைந்தாள். அதிலிருந்து வலது பக்கம் பிரிகிற இன்னொரு ரோடும் வரைந்தாள். தாராபுரம் ரோட்டில் பெட்ரோல் பங்க் பக்கத்தில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்புகிற இடம் அப்படித்தான் இருக்கும்.

"சஷ்மி, இங்கே வலது பக்கம் திரும்பணும். அதுக்கு முன்னால தோளுக்கு மேல தலையைத் திருப்பிப் பின்னால பாரு. நான் விரல் காட்டுவேன். எத்தனைன்னு சத்தமாச் சொல்லிட்டுத் திரும்பு."

சஷ்மிதா வந்தாள். "ரெண்டு" என்று கத்திவிட்டுத் திரும்பினாள்.

தலை அசையவே இல்லை. டீச்சர் காட்டியது நாலு.

டீச்சர் இன்னொரு முறை ஓட்ட விட்டாள். அப்போதும் தலை திரும்பவில்லை, ஆனால் வாய் மட்டும் ஒரு எண் சொன்னது. ஜெசிந்தா தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஹார்ன் அடிக்காமல் அவள் பின்னால் போனாள். சஷ்மிதா ஸ்கூட்டருக்குக் குறுக்கே அப்படியே வெட்டித் திரும்பினாள். பிரேக் கிறீச்சிட்டது. இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும்.

நாச்சிமுத்து ஓடிப்போய்ச் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார்.

"கழுத்தை எங்க வச்சுட்டு வந்த? திரும்பிப் பாருன்னா பார்க்க மாட்டியா?"

"பார்க்கறேனுங்க மாமா."

பார்க்கவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் இல்லை. பார்த்தால் புரோட்டா வாங்கித் தருவதாகச் சொன்னார். பார்க்காவிட்டால் தார்தான் என்று மிரட்டினார். கெஞ்சினார். சைக்கிளில் ஏறாதபோது நாலு பக்கமும் திரும்புகிற கழுத்து, ஏறியதும் நுகத்தடி பூட்டின மாதிரி நின்றுவிடும். வாத்து மாதிரி போன மற்ற பிள்ளைகள் இதற்குள் பெடலை மாட்டிக்கொண்டார்கள். போகிற போக்கில் பின்னால் திரும்பி, "அஞ்சு", "ஒண்ணு" என்று கத்திக்கொண்டு வலது பக்கம் திரும்பினார்கள்.

கெடுவுக்குச் சில நாள்தான் இருந்தது. நாச்சிமுத்து டீச்சர் முன்னால் வந்து நின்றார். குரல் முதல்முறையாக ஆளுக்குப் பின்னால் வந்தது.

"டீச்சருங்க, இந்தப் புள்ள ஏன் பின்னால பார்க்க மாட்டேங்குது?"

ஜெசிந்தா அவர் தோள் துண்டைப் பார்த்தாள்.

"சந்தையில துண்டுக்குள்ள வெலை பேசுவீங்களாமே, அண்ணாச்சி. எனக்குச் சொல்லித் தாங்க."

"இப்பவா?"

"இப்பதான்."

அவர் தயங்கினார். "பொம்பளைங்க கையைப் புடிச்சுப் பேசுனதில்லீங்க."

"அப்போ சஷ்மிகூடப் பேசுங்க. நான் பார்த்துக்கிடுதேன்."

சஷ்மிதாவைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார். அவள் கைமேல் துண்டைப் போட்டார். உள்ளே ஒரு விரலைப் பிடித்து அழுத்தினார், பிறகு இரண்டைச் சேர்த்துப் பிடித்தார். அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. தன் வீட்டில் அன்றைக்குத் துண்டுக்குள் நடந்தது இதுதானா என்று அவள் முகம் கேட்டது.

"இப்ப வாயில என்ன சொல்லுவீங்க?" என்றாள் ஜெசிந்தா.

"என்ன வேணாலும் சொல்லுவமுங்க. மழையே காணோம்பேன், மாப்பிள்ளை சௌக்கியமாம்பேன். இந்த வெலைக்கு ஆட்டுக்குட்டி வராதுன்னுகூடக் கத்துவேன். அதெல்லாம் சுத்தி நிக்கறவனுக்கு. வாய்க்குக் கணக்குக் கிடையாதுங்க. கை சொன்னதுதான் வாக்கு."

"கை பொய் சொன்னா?"

"அதெப்படிங்க சொல்லும்?"

"சொன்னா?"

நாச்சிமுத்து யோசித்தார். "அப்படி ஒருத்தன் இருந்தா, அவன் துண்டுக்குள்ள அப்பறம் எவனும் கையை நீட்ட மாட்டானுங்க."

ஜெசிந்தா தலையாட்டினாள். பிறகு சஷ்மிதாவிடம் கேட்டாள்.

"அன்னைக்கு மாமா உனக்கு ஓட்டச் சொல்லித் தந்தாருல்லா, கேரியரை எங்கே விட்டாரு?"

"உடலைங்க மிஸ். கொடிக்கம்பம் வரைக்கும் புடிச்சிருக்கேன்னு சொல்லிட்டே வந்தாங்க."

"கொடிக்கம்பம் வரைக்கும் பிடிச்சிருந்தாரா?"

சஷ்மிதா துண்டைப் பார்த்தாள். அவர் கை இன்னும் அவள் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"வேப்பமரத்துகிட்டயே சத்தம் தூரமாப் போயிருச்சுங்க மிஸ்."

"அப்போ விட்டது உனக்குத் தெரியும்."

"தெரியுமுங்க."

"ஏன் திரும்பிப் பார்க்கல?"

அவள் முணுமுணுத்தாள். "பார்த்தா இருக்க மாட்டாங்க. பார்க்காத வரைக்கும் புடிச்சிருக்காங்க."

மைதானத்தில் யாரோ மணியடித்துக்கொண்டு போனார்கள். நாச்சிமுத்து துண்டுக்குள்ளிருந்து கையை எடுக்கவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். சந்தையில் அவரைத் திருடன் என்று ஏசியிருக்கிறார்கள். அம்மாவை இழுத்து வைதிருக்கிறார்கள். அதற்கெல்லாம் அவரிடம் பதில் இருந்தது.

கடைசியில் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இப்ப நான் என்னங்க பண்றது?"

"பிடிங்க" என்றாள் ஜெசிந்தா.

"ஓட்டத் தெரிஞ்ச புள்ளையவா?"

"ஆமா. விடுறப்ப சொல்லிட்டு விடுங்க."

அவர் மறுபடியும் கேரியரைப் பிடித்தார். ஓடினார். வேப்பமரம் வந்தது.

"கண்ணு, உடப் போறேன்."

சைக்கிள் ஆடியது. சஷ்மிதா காலை ஊன்றி நின்றுவிட்டாள். அத்தனை நாள் மைதானத்தைத் தனியாகச் சுற்றியவள்.

"சொல்லாம உட்டீங்கன்னா ஓட்டுவேன் மாமா."

"சொல்லாம உடமாட்டேன். ஏறு."

மறுபடி ஆடியது, மறுபடி நின்றாள். தங்கமணி தூரத்திலிருந்து, "கத்துக்குடுக்கறீங்களா, மறக்கடிக்கறீங்களா?" என்று கேட்டாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. சந்தையில் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவர், "புடிச்சிருக்கேன்", "உடப் போறேன்", "உட்டுட்டேன்" என்ற மூன்றையே வைத்துக்கொண்டு அந்தப் பொழுது முழுக்க ஓடினார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"உட்டுட்டேன் கண்ணு. வேப்பமரத்துகிட்ட நிக்கறேன். இங்கயேதான் நிக்கறேன். கையைப் பாரு."

சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. தலை கொஞ்சம் திரும்பியது, பிறகு முழுசாகத் திரும்பியது. சஷ்மிதா அவரைப் பார்த்தாள். அவர் சொன்ன இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். கை வானத்தில் இருந்தது.

"மூணு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குமரவேல் வந்தான். எல்லோரும் தாராபுரம் ரோட்டுக்குப் போனார்கள். அவ்வளவு காலையில் வண்டிகள் குறைவு. குமரவேல் பெட்ரோல் பங்க் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சஷ்மிதா ரோட்டில் வந்து, பின்னால் பார்த்து, கை நீட்டி, வலது பக்கம் திரும்பினாள். சுற்றி வந்து திரும்பவும் அதையே செய்தாள். ஒவ்வொரு முறையும் பார்த்தாள்.

கடைசி முறை வரும்போது அப்பனைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பினாள். பின்னால் பார்க்கவில்லை.

பின்னால் எதுவும் வரவில்லை. குமரவேலுக்கு அது தெரியவும் இல்லை. நாச்சிமுத்துவுக்குத் தெரிந்தது. ஜெசிந்தாவுக்கும் தெரிந்தது.

"என்னங்க டீச்சர், புள்ளைய ரோட்டுல உடலாமுங்களா?" என்றான் குமரவேல்.

"சொல்லிக்கொடுத்தவரு அவருதான். அவர்ட்டயே கேளுங்க."

குமரவேல் நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினான். நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார். சந்தை வார்த்தைகள் வரிசை கட்டி நாக்கு நுனிக்கு வந்தன. 'தங்கமான உருப்படி, கண்ணை மூடிட்டுப் புடிச்சுட்டுப் போ.' எத்தனை நொண்டி மாட்டை அந்த வாய் நடக்க வைத்திருக்கிறது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்குப் பள்ளிக்கூடம்.

சஷ்மிதா சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். அவர் வாயை அவள் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியாத் திரும்புனப்ப பின்னால பார்க்கலைடா குமரவேலு" என்றார்.

அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கியது.

"அப்பத் தார்தான்" என்றான் குமரவேல்.

"கெடு முடிஞ்சுது, ஒத்துக்கறேன். கூட ஒரு வாரம் குடு. காலையிலயும் சாயங்காலமும் அவ பின்னாலயே நானும் சைக்கிள்ல போறேன். அதுக்கப்பறமும் பார்க்காம திரும்புனான்னா, நானே வந்து உன் வாசல்ல நின்னு சொல்றேன்."

"சொல்லுவீங்களா?"

"இப்பச் சொல்லலியா?"

குமரவேல் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தான். ஒரு லாரி போயிற்று. பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"உருப்படியில கொறை இருக்குதுன்னு தரகரே சொல்லி நான் கேட்டதில்லைங்க மாமா."

"இது மாடில்லடா."

"சரி. கையைக் குடுங்க."

நாச்சிமுத்துவின் கை பழக்கத்தில் துண்டுக்குப் போனது. உருவியவர் என்ன நினைத்தாரோ, அதைத் திரும்பத் தோளிலேயே போட்டுக்கொண்டார். வெறும் கையை வெளிச்சத்தில் நீட்டினார். குமரவேல் ஒரு விரலைப் பிடித்தான்.

ஒரு வாரம். இந்தத் தடவை சஷ்மிதாவும் பார்த்தாள்.

அந்த வாரம் அவர் சந்தைக்குப் போகவில்லை. காலையில் முன்னால் வெள்ளை ரிப்பன் போகும், பின்னால் பச்சைத் துண்டு போகும். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள், "தரகரு ஒன்பதாவது சேர்ந்துட்டாரு போல" என்றார்கள். வழக்கமாக இதற்கெல்லாம் சைக்கிளை நிறுத்திச் சண்டைக்கு இறங்குகிறவர். நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் பின்னால் ஆள் இருக்காது.

கெடுவின் கடைசி நாள் காலை, திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்பே அவளை நிறுத்தினார்.

"இன்னைக்கு நான் கூட வரலை கண்ணு. இங்கயேதான் நிக்கறேன்."

"சரிங்க மாமா."

அவள் போனாள். அவர் ரோட்டோரம் நின்று வலது கையை உயர்த்தினார். மூன்று விரல்.

திருப்பம் நெருங்கியது. சஷ்மிதா தலையைத் திருப்பினாள். பார்வை அவர் மேல் விழுந்தது, நிற்கவில்லை, அவரைத் தாண்டிப் போயிற்று. அவள் திரும்பவில்லை. இடது ஓரமாக ஒதுங்கிக் காலை ஊன்றினாள். நாச்சிமுத்துவின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு லாரி இரைந்துகொண்டு வந்து அவரைக் கடந்து, அவளையும் கடந்து போயிற்று. அவள் மறுபடியும் ஒருமுறை பின்னால் பார்த்துவிட்டு, வலது பக்கம் திரும்பிப் பள்ளிக்கூடத்து வழியில் மறைந்தாள்.

அவர் விரல்கள் அந்தரத்திலேயே இருந்தன. யாரும் எண்ணிச் சொல்லவில்லை.

முதலில் குமரவேலின் வாசலில் போய் நின்று, பார்த்ததைச் சொன்னார். அவன் தறியை நிறுத்தாமலே கேட்டுத் தலையாட்டினான். பிறகு மைதானத்துக்கு வந்தார். ஜெசிந்தா ஸ்பேனரோடு குனிந்து ஒரு சின்னச் சைக்கிளில் பெடலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புதிதாக வந்த ஒரு சிறுமி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"போயிட்டாளுங்க டீச்சர்" என்றார். "ஆனா என்னைப் பார்க்கவே இல்லீங்க. கையைத் தூக்கிட்டு நின்னேன். அந்த லாரியைத்தான் பார்த்தா."

ஜெசிந்தா நிமிர்ந்தாள். பெடல் இல்லாத சைக்கிளை அவர் பக்கம் உருட்டிவிட்டாள்.

"அப்போ இனி இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்க, அண்ணாச்சி."